சண்டையில் கண் எதைப் பார்க்கும், நினைவு எதை விடும்: தற்காப்பு கற்கும் புதியவர்களுக்கு

தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆனவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். இப்படிக் குத்து வந்தால் இப்படித் தடுப்பது, மணிக்கட்டைப் பிடித்தால் இப்படி உருவிக்கொள்வது என்று கை பழகியிருக்கும். ஆனால் வகுப்பில் பெரும்பாலும் சொல்லித்தராத ஒன்று உண்டு. நிஜச் சண்டையில் உங்கள் கண் எல்லாவற்றையும் பார்க்காது, காது எல்லாவற்றையும் கேட்காது, பிறகு யோசித்துப் பார்த்தால் நடுநடுவே பெரிய ஓட்டைகள் இருக்கும். யார் முதலில் கை ஓங்கியது, எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு நேரம் நடந்தது என்ற எளிய கேள்விகளுக்கே தடுமாறுவீர்கள். ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவைக்கிறவருக்குப் பிரச்சினை குறைவு. அதை ஊகத்தால் அடைத்துக்கொள்கிறவர், தானே அறியாமல் நடக்காததற்குச் சாட்சி சொல்கிறார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலகிப் போக வழி இருந்தால் போய்விடுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த வழி அடைபட்டபோது உதவுபவை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், ஓரிரு வினாடிக்குள் நரம்புகள் வழியாக இதயத்துக்கும் கண்ணின் பாப்பாவுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் உத்தரவு போய்விடுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கொட்டும் அட்ரினலின் இரத்தத்தோடு கலந்து அதற்கு அடுத்தபடியாக வந்து சேர்கிறது. மூச்சுக்குழாய் விரிகிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. நாக்கு உலர்வதும் வயிறு கலங்குவதும் இதனால்தான். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் விவரித்த 'சண்டையிடு அல்லது ஓடு' ஏற்பாடு இதுதான்.

இரத்தத்தில் ஓடும் அட்ரினலின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது உடம்பில் கிளப்பும் கலவரத்தை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கிறது. அங்கே லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு நரம்பணுத் திரள், அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலினை மூளையின் பல பகுதிகளுக்கும் அனுப்புகிறது. அளவோடு இருந்தால் கவனம் கூர்மையாகும். அளவு மீறினால், நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானமாக எடைபோடும் பகுதி மங்கிவிடும். பழக்கமும் அனிச்சையும் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பழகாத எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது.

இரத்தத்தில் சேர்ந்த அட்ரினலின் பாதியாகக் குறைய 2, 3 நிமிடங்கள் போதும். ஆனால் பயம் நீடிக்கும்வரை புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். இதன் பின்னாலேயே கிளம்பும் கார்ட்டிசால் என்ற இன்னொரு அழுத்தச் சுரப்பு மெதுவாக ஏறி, 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். அதாவது எதிராளி ஓடிப்போய், நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் உடம்பு சண்டையிலேயே இருக்கிறது.

தற்காப்பு வட்டாரத்தில் ஒரு அட்டவணை பிரபலம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 115-ஐத் தாண்டினால் நுட்பமான கைவேலை போகும், 145-ல் இன்னொன்று, 175-ல் வேறொன்று என்று வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். வேகமாக ஓடினாலே துடிப்பு 170-ஐத் தொடும், அதனால் ஓடுகிறவரின் பார்வை ஒடுங்கிவிடுவதில்லை. உழைப்பால் ஏறும் துடிப்பும் பயத்தால் ஏறும் துடிப்பும் எண்ணில் ஒன்றாக இருக்கலாம், மூளைக்கு அவை வேறுவேறு.

படி 1: உங்கள் அறிகுறிகளை அடையாளம் காணுங்கள்

ஒவ்வொருவருக்கும் முதலில் தலைகாட்டும் அறிகுறி வேறு. சிலருக்கு முழங்கால் ஆடும், சிலருக்குக் குரல் கீச்சென்று ஏறும், சிலருக்கு விரல்நுனி சில்லிடும், சிலருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் இருக்கும். மேடையேறும் முன்போ தேர்வுக்கு முன்போ உங்களுக்கு எது வருகிறது என்று கவனித்து வையுங்கள். சண்டையிலும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் வரும். தெரிந்த அறிகுறியாக இருந்தால், 'எனக்கு என்னவோ ஆகிறது' என்ற இரண்டாவது பயம் வராது.

உறைந்துபோவதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் நகராது, கத்த வாய் வராது. இதைக் கோழைத்தனம் என்று ஏசுகிறவர்கள் உண்டு, அது தவறு. பல விலங்குகளிலும் காணப்படும் பழைய அனிச்சை அது. ஒரு சிறு அசைவு, பெரும்பாலும் மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது அல்லது ஒரு காலைப் பின்னால் வைப்பது, அதை உடைக்க உதவும். அந்த ஒரு அசைவை வகுப்பில் நூறு முறை பழகுங்கள்.

படி 2: கண்ணும் காதும் கடிகாரமும் மாறும் என்று எதிர்பாருங்கள்

துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய 157 காவலர்களிடம் அமெரிக்க உளவியலாளர் அலெக்சிஸ் ஆர்ட்வோல் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்களில் 84 சதவீதத்தினருக்குச் சத்தம் குறைந்து கேட்டது. 79 சதவீதத்தினருக்குப் பார்வை ஒடுங்கியது. 62 சதவீதத்தினருக்கு நேரம் மெதுவாக நகர்ந்தது, 17 சதவீதத்தினருக்கு மாறாக வேகமாக ஓடியது. பாதிப்பேருக்குச் சம்பவத்தின் ஏதோ ஒரு பகுதி நினைவிலேயே இல்லை. பயிற்சி பெற்ற, ஆயுதம் ஏந்திய காவலர்களுக்கே இந்த நிலை.

பார்வை ஒடுங்குவது என்றால் கண் கெட்டுப்போவதல்ல. கவனம் ஆபத்தின்மேல் ஒட்டிக்கொண்டு ஓரங்களை உதறிவிடுகிறது. பதற்றம் ஏற ஏற, நாம் எடுத்துக்கொள்ளும் தகவல்களின் வட்டம் சுருங்குகிறது என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959-லேயே எழுதினார். ஆயுதம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எலிசபெத் லோஃப்டஸ் குழு 1987-ல் கண்ணசைவுகளை அளந்து பார்த்தது. ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தபோது, காசோலை இருந்ததைவிட அதிக முறை பார்வை கைக்கே போனது, முகம் நினைவில் நிற்பது குறைந்தது. கத்தியின் நீளத்தைத் துல்லியமாகச் சொல்கிறவர் அதைப் பிடித்திருந்தவர் மீசை வைத்திருந்தாரா என்று தெரியாமல் விழிப்பது இதனால்தான். பாப்பா விரிவதாலும், கண் தொலைவுக்குத் தன்னை மாற்றிக்கொள்வதாலும், கிட்டத்தில் உள்ள சிறு விவரங்கள் மங்கலாகத் தெரியலாம்.

காதைப் பொறுத்தவரை, உங்கள் நண்பர் பின்னால் நின்று 'பின்னால் ஒருத்தன்!' என்று கத்தியிருப்பார், உங்களுக்கு அது எட்டியிருக்காது. ஒலி காதுக்குள் வந்தும் மூளை அதற்கு இடம் தரவில்லை. பிறகு நண்பரிடம் 'ஏன் சொல்லவில்லை' என்று சண்டை போடாதீர்கள்.

நேரம்தான் சுவாரசியமானது. ஆபத்தில் மூளை வேகமாக இயங்குவதால் எல்லாம் மெதுவாகத் தெரிகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். டேவிட் ஈகிள்மன் குழு 2007-ல் இதைச் சோதித்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து, கீழே வலை விரித்து, ஆட்களைக் கயிறில்லாமல் விழ விட்டார்கள். அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் எண்கள், சாதாரணமாகப் படிக்க முடியாத வேகத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன. நேரம் உண்மையாகவே மெதுவாகியிருந்தால் விழும்போது அவற்றைப் படித்திருக்க வேண்டும். யாராலும் கூடுதலாகப் படிக்க முடியவில்லை. ஆனால், தாங்கள் விழுந்த நேரம் மற்றவர்கள் விழுந்ததைவிட சராசரியாக 36 சதவீதம் நீளம் என்று மதிப்பிட்டார்கள். நேரம் நீண்டது நினைவில்தான், பார்வையில் அல்ல. இதில் உங்களுக்கு உள்ள பயன் என்ன? 'ஐந்து நிமிடம் அடித்தான்' என்று தோன்றினால் அந்த எண்ணை எங்கும் உறுதியாகச் சொல்லாதீர்கள். நிஜத்தில் அது அரை நிமிடமாக இருந்திருக்கலாம்.

இன்னொன்று சங்கடமானது. ஆர்ட்வோலின் ஆய்வில் 21 சதவீதம் பேர், நடக்காத ஏதோ ஒன்றைக் கண்டதாகவோ கேட்டதாகவோ பிறகு அறிந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னதற்குச் சதவீதக் கணக்கு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். எதிராளி பாக்கெட்டிலிருந்து எடுத்தது கத்தியா, கைப்பேசியா? உங்கள் மூளை விடை தந்துவிடும். அந்த விடை சரியா என்பது வேறு.

படி 3: பயிற்சியை இதற்கேற்ப மாற்றுங்கள்

தசைகளில் அட்ரினலின் நடுக்கத்தைக் கூட்டும். விரல்களை நம்பிச் செய்யும் நுணுக்கமான பிடிகள் முதலில் போகும். உள்ளங்கையால் தள்ளுவது, முழங்கையால் மறைப்பது, இரண்டு கையாலும் தலையைக் காப்பது போன்ற பெரிய அசைவுகள் தங்கும். புதியவருக்கு நான்கைந்து அசைவு போதும். நாற்பது தெரிந்தவர் எதைத் தேர்வது என்றே நின்றுவிடுவார்.

கைப்பேசியையும் இதே கணக்கில் வையுங்கள். நடுங்கும் விரலோடு பூட்டைத் திறந்து, எண்ணைத் தேடி அழைப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்திருக்கமாட்டீர்கள். அவசர அழைப்புக்கான குறுக்குவழியைத் தெரிந்துகொண்டு, குத்துப்பையை அடித்து மூச்சு வாங்கும் நிலையில் பழகிப் பாருங்கள்.

கவனிப்பதும் பயிற்சிக்கு உட்பட்டதே. கனடாவில் காவலர்களை வைத்து லோரெய்ன் ஹோப் குழு நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. ஒரு பாதியினர் கனமான தொங்கு பையை மூச்சுமுட்டும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், முழு பலத்தோடு அடித்தார்கள். மறுபாதி பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் ஒரே காட்சிக்குள் அனுப்பப்பட்டார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரைப் பற்றி, சும்மா நின்றவர்களில் 10-ல் 9 பேருக்கும் மேல் ஏதாவது ஒரு விவரமாவது சொன்னார்கள். அடித்துக் களைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அது முடிந்தது. பயமே இல்லாமல், வெறும் களைப்பே இவ்வளவு பறித்துக்கொண்டது.

ஆகவே ஸ்பாரிங் (இருவர் மோதும் பயிற்சிச் சண்டை) முடிந்தவுடன் மூச்சு வாங்கும்போதே உங்கள் பயிற்சியாளரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இப்போது யார் உள்ளே வந்தார், என்ன நிற உடை, கதவு திறந்திருந்ததா? முதலில் எதுவும் தெரியாது, எரிச்சலாக இருக்கும். சில வாரங்களில், ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பிறகும் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். நடிப்புக்கு ஒருவர் கத்தி, தள்ளி, கெட்ட வார்த்தை பேசி வரும் பயிற்சியும் வேண்டும், ஆனால் படிப்படியாக. முதல் நாளே மிரட்டி எடுப்பது பயிற்சியாகாது, அதில் பயம் மட்டுமே படியும்.

படி 4: நடக்கும்போது

இங்கே நீட்டி எழுதுவதில் பயனில்லை, எதுவும் அப்போது நினைவுக்கு வராது. மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், வெளிமூச்சு நீண்டால் துடிப்பு சற்றுத் தணியும். எதிராளியின் கைகளைப் பாருங்கள். சில வினாடி இடைவெளி கிடைத்தால் தலையைத் திருப்புங்கள். ஒடுங்கிய கவனத்தை அகலப்படுத்த இதுதான் எளிய வழி, இரண்டாவது ஆள் இருந்தால் கண்ணில் படுவார். 'தள்ளிப் போ, எனக்குச் சண்டை வேண்டாம்' என்று உரக்கச் சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்கள் காதில் அது விழும், பிறகு நீங்களே மறந்துபோனாலும் அவர்களில் ஒருவர் சொல்வார். வழி திறந்தவுடன் கிளம்புங்கள்.

படி 5: முதல் பத்து நிமிடம்

பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் முதல் வேலை உடம்பைத் தடவிப் பார்ப்பது. கழுத்து, அக்குள், விலா, முதுகு, தொடை. ஒவ்வொரு இடத்தைத் தொட்டபின்னும் உள்ளங்கையில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கத்திக் குத்து பலருக்கு வெறும் குத்தாகத்தான் உறைத்திருக்கிறது. அட்ரினலினோடு மூளையின் எண்டார்ஃபின்களும் சேர்ந்து வலியை அமுக்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பலத்த காயமடைந்த வீரர்களிடம் மருத்துவர் ஹென்றி பீச்சர் விசாரித்து 1946-ல் எழுதினார். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நீங்கள் சொல்வதை நீங்களே நம்பாதீர்கள். வேறொருவரை உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக்கூடாது. நினைவு இடைவெளி அட்ரினலினால் வந்ததா, மூளை அதிர்வால் வந்ததா என்று உங்களால் பிரித்தறிய முடியாது.

கை நடுங்கும், அழுகை வரும், சிலருக்குச் சிரிப்பு வரும், சிலர் வாந்தி எடுப்பார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம். துரத்திப் போகாதீர்கள். உதவிக்கு அழையுங்கள். கேட்கிறவர்களிடம் 'என்னைத் தாக்கினார்கள், இங்கே அடிபட்டிருக்கிறது, அவர் அந்தப் பக்கம் போனார்' என்ற அளவோடு நிறுத்துங்கள். கார்ட்டிசால் ஏறிக்கொண்டிருக்கும் அந்த அரைமணியில் வாய் நிறையப் பேசத் தோன்றும், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் வழுவழுப்பாகும்.

படி 6: எழுதி வையுங்கள், ஓட்டைகளோடு

நினைவு ஏன் ஒரே நேரத்தில் கூர்மையாகவும் ஓட்டையாகவும் இருக்கிறது? லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காஃப் குழுவினர் 1994-ல், அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, ஒரு விபத்துக் கதையைப் படங்களோடு சொன்னார்கள். சாதாரணமாக உணர்ச்சிமிக்க பகுதி கூடுதலாக நினைவில் நிற்கும். மருந்து எடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. அட்ரினலின் சார்ந்த தூண்டல்தான், மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா வழியாக, முக்கியக் காட்சியை ஆழப் பதிக்கிறது. ஆனால் கவனம் போகாத ஓரங்கள் உள்ளேயே நுழையவில்லை. நுழையாததை எந்த முயற்சியாலும் பிறகு வெளியே எடுக்க முடியாது.

முகமும் அந்த ஓரத்தில் சேர்ந்துவிடக்கூடும். சார்லஸ் மார்கன் குழு 2004-ல் போர்க்கைதிப் பயிற்சி முகாமில் கடுமையாகவும் மென்மையாகவும் விசாரிக்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. விசாரித்தவரை மறுநாள் வரிசையில் நிற்கவைத்து அடையாளம் காட்டச் சொன்னபோது, மென்மையாக விசாரிக்கப்பட்டவர்களில் 62 சதவீதம் சரியாகக் காட்டினார்கள். கடுமையாக விசாரிக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் மட்டுமே. நேருக்கு நேர், அரைமணிக்கும் மேல் பார்த்த முகம் அது.

எழுதும் முறை இப்படி இருக்கட்டும். தனியாக உட்காருங்கள், கூட இருந்தவர்களோடு பேசுவதற்கு முன்பே. காட்சியை இருவராகப் பேசிக்கொண்டபின் விவரித்தவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்காமல் மற்றவர் மட்டுமே பார்த்த விவரம் ஒன்றையாவது தம்முடையதாகச் சொன்னார்கள் என்று ஃபியோனா காபர்ட் 2003-ல் காட்டினார். கேள்வியின் சொல்கூட நினைவை மாற்றும். லோஃப்டஸும் பாமரும் 1974-ல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு வேகம் கூடியது. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அதிகம் பேர் சொன்னார்கள். 'அவன் எப்படிப் பாய்ந்தான்?' என்று நண்பர் கேட்டால், பாய்ந்தானா என்பதையே முதலில் யோசியுங்கள்.

தேதியும் நேரமும் போட்டு, வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். முதலில் பளிச்சென்று நிற்கும் காட்சி, அதிலிருந்து முன்னும் பின்னும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி: பார்த்தேன், கேட்டேன், ஊகிக்கிறேன், பிறர் சொன்னார். இந்தக் குறிகள்தான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும். தெரியாத இடத்தில் 'இங்கே நினைவில்லை' என்றே எழுதுங்கள். இடத்தைக் கோடு போட்டு வரையுங்கள், யார் எங்கே நின்றார் என்பது படத்தில் எளிதாக வரும். நேரத்துக்கு உங்கள் உணர்வை நம்பாமல் கைப்பேசியின் அழைப்புப் பதிவைப் பாருங்கள். கண்காணிப்பு வீடியோ இருந்தால் எழுதி முடித்தபின் பாருங்கள். கேமரா பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் வேறுபடும், வேறுபாடு பொய்யென்று ஆகாது. உங்களுக்குத் தெரியாமல் போனது எது என்பதும் ஒரு தகவல்தான்.

காவல்துறை, நீதிமன்றம் என்று விஷயம் போகுமானால் எழுதிய தாள் யார் கைக்குப் போகும் என்பது ஊருக்கு ஊர் சட்டப்படி மாறும். எழுத்து வாக்குமூலம் தருவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

படி 7: அடுத்த நாட்களில்

சில துண்டுகள் இரண்டு மூன்று நாள் கழித்துத் தானாக மேலே வரும். பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள், கீழே புதுத் தேதி போட்டுச் சேருங்கள். எப்படி நினைவுக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள்: குளிக்கும்போது தானாகவா, யாரோ சொன்னபிறகா? காட்சி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அதைச் சரி என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986-ல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எப்படிக் கேட்டோம் என்று மாணவர்கள் எழுதியதை உல்ரிக் நைசர் பத்திரப்படுத்தினார். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள், அதுவும் மிகுந்த உறுதியோடு.

தூக்கம் கெடுவதும், காட்சி திரும்பத் திரும்ப ஓடுவதும், சின்ன சத்தத்துக்குத் துள்ளுவதும் முதல் சில வாரங்களில் சகஜம். ஒரு மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், அல்லது அதற்கு முன்பே வேலையும் உறவும் பாதிக்கப்பட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பயிற்சிக்குத் திரும்பும்போது உங்களுக்கு நடந்ததைப் பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து பிடிக்கும் பயிற்சியை அவர் சில வாரம் தள்ளிவைப்பார்.